நாடி இல்லாத நோய்!

டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்கிறார். நாடி இல்லை! ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் நன்றாகப் பேசுகிறாள்.

இது கதை அல்ல. "தகயாசு" என்று ஒரு நோய். 1908-ம் ஆண்டு இதைப் பற்றிச் சொன்னவர் மிகிட்டோ தகயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர்.

இதயத்தில் இருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயும் அதன் கிளைகளும் வீங்கித் தடிக்கின்றன. உள்ளே வழி சுருங்குகிறது. கைக்குப் போகும் குழாய் அடைபட்டால் நாடி மறையும். சிறுநீரகக் குழாய் சுருங்கினால் ரத்தக் கொதிப்பு ஏறும்.

அபூர்வ நோய்தான். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் ஒரு டாக்டர் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். ஆனால் ஆசிய நாட்டுப் பெண்களை, அதுவும் 40 வயதுக்குள், அதிகம் பிடிக்கிறது.

முதலில் காய்ச்சல், அசதி, உடல் மெலிவு. "வேலை அதிகம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்! பிறகு துணி பிழியும்போதே கை சோர்ந்துவிடும். தலை சுற்றும்.

இதில் ஓர் ஆபத்து. அடைபட்ட கையில் மட்டும் அளந்தால் ரத்த அழுத்தம் குறைவாகவே காட்டும். உண்மையில் கொதிப்பு ஏறிக் கிடக்கும். பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே இரண்டு கைகளிலும் அளக்கவேண்டும். 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம். "ஸ்கேன்" படம் மீதியைச் சொல்லும்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் பக்கம்தான். இந்த நோயை நெடுநாளாக ஆராய்ந்துவரும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போக, விழுப்புரத்தில் காட்பாடி ரெயில் ஏறலாம்.

ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை அடக்கும். தேறிவிட்டது என்று தாமே நிறுத்தினால் மறுபடி கிளம்பும். ஒழுங்காக வைத்தியம் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். டாக்டர் கண்காணிப்பில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு.