ஓடுகிறவன் கொண்டுவரும் சேதி

மலைநாட்டுத் தோட்டங்களிலே நடப்பவர் உண்டு, சுமப்பவர் உண்டு, ஏறுவதும் இறங்குவதுமே வாழ்வாய்ப் போனவர் பல்லாயிரவர் உண்டு. ஆயின், பாடசாலை விளையாட்டுப் போட்டி நாளைத் தவிர, ஒருவன் காரணமின்றி ஓடுவான் என்பதை அங்கே எளிதில் நம்பமாட்டார்கள். இதனை அறிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் சென்றன.

யாழ்ப்பாணத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடிப் பழகிய கால்கள் என்னுடையவை. அங்கே நிலம் பாய் விரித்தாற்போலச் சமதளமாய்க் கிடக்கும். ஆசிரியத் தொழில் என்னை அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, விடியற்காலையில் ஓடும் பழக்கத்தையும் பெட்டி படுக்கையோடு கொண்டு வந்தேன். முதல் நாள் அரை மைல் ஏறுமுன்னரே மூச்சு முட்டியது. 4,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்திலே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதிலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு என்று வகுப்பிலே கற்பித்தவன்தான் நான். அன்று அதை என் நெஞ்சு எனக்குக் கற்பித்தது.

எனினும் அந்த விடியலின் அழகை என்னென்பது! பள்ளத்தாக்கை நிறைத்து நிற்கும் வெண்பனி. அதனிடையே தலைமட்டும் காட்டும் நிழல்மரங்கள். லயத்துத் தகரக் கூரைகளின் மேல் தவழும் விறகுப் புகை. பீலியடியில் குடம் நிறையும் ஓசை. ரொட்டி சுடும் மணம். வானம் தெளிந்த நாளிலே தென்மேற்கே சிவனொளிபாத மலையின் கூர்முனை தெரியும். தூரத்தே புகைவண்டி கூவும். 1885இல் நானுஓயாவரை நீண்ட அந்த இருப்புப் பாதை, மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே மேலேறுகிறது. நேராக ஏற அதனாலும் இயலவில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

நான்காம் நாட் காலை. மேட்டு லயத்தைக் கடக்கையில், வாசலில் நின்ற மூதாட்டி ஒருத்தி கையிலிருந்த சாயத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பதறி முன்னே வந்தாள்.

“மாஸ்டர்! ஏன் இப்படி ஓடியார்றீங்க? யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒன்றுமில்லை, ஆத்தா. சும்மாதான் ஓடுகிறேன்.”

“சும்மா யாராச்சும் ஓடுவாங்களா? வயித்துல புளியக் கரைச்சிட்டீங்களே!”

பின்னர் அவளே விளக்கினாள். அந்த மலையிலே ஒருவன் ஓடி வந்தால் அவன் சேதி கொண்டு வருகிறான் என்பது பொருள். பிள்ளைப்பேற்று வலி; பாம்புக்கடி; மண்சரிவு; இழவு. நற்செய்தி நடந்தே வரும். கெட்ட செய்திதான் ஓடி வரும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லய வரிசைகளை மண் மூடிய நாளை அறிந்தவர்களுக்கு, விடியலிலே கேட்கும் ஓட்டச் சத்தம் எப்படி உடற்பயிற்சியாகத் தோன்றும்?

மலையேறக் கற்றுத் தந்தவளும் அத்தோட்டத்துத் தொழிலாளியே. என் மாணவி ஒருத்தியின் தாய் அவள். முதுகிலே கூடையும் இடுப்பிலே படங்குமாய் என்னைக் கடந்து சென்றவள், நான் மூச்சிரைப்பதைக் கண்டு, “நேரா ஏறாதீங்க சேர். சாய்வா, சின்ன அடியா வைங்க” என்று கூறிப் போனாள். பல தோட்டங்களிலே நாட்பெயருக்கு 18 கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து கேட்கப்படும். குறைந்தால் அரைப் பெயர். அந்தச் சுமையோடு செங்குத்துச் சரிவில் நிற்கும் கால்களுக்கு முன் என் கால்கள் குழந்தைக் கால்கள். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காடூடே நடந்து வந்தவர்களின் வழிவந்த கால்கள் அவை. இருநூறாண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். முன்னோர் பட்டதை நாட்டுக்கு நினைவூட்டவே நடந்தனர்.

ஒரு சனிக்கிழமை நான் சற்றுத் தாமதித்துப் புறப்பட்டேன். காட்டுத் தொங்கலை அடைந்தபோது அலறல் கேட்டது. கூடைகள் உருண்டு கிடந்தன. பெண்கள் படங்கால் தலையை மூடிக்கொண்டு கான்களிலே குப்புறக் கிடந்தனர். குளவி கலைந்திருந்தது. மூவருக்குக் கடுமையான கொட்டு; அவர்களுள் என் மாணவியின் தாயும் ஒருத்தி. முகம் வீங்கி, மூச்சுத் திணறிக் கிடந்தாள். மலை மறைப்பதால் அவ்விடத்திலே கைத்தொலைபேசி வேலை செய்யாது. “ஓடுங்க சேர்!” என்றாள் ஒருத்தி.

ஓடினேன். கொழுந்து மடுவம் மூன்று கிலோமீற்றர் கீழே. இறக்கத்திலே தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் உடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். ஏற்றத்தைவிட அதுவே கால்களைத் துவளச் செய்யும். மேட்டு லயத்தைக் கடந்தபோது அந்த மூதாட்டி வாசலில் நின்றாள். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைக் கண்டதும் இரு கைகளையும் தலைமேல் வைத்தாள். எனக்குப் பின்னே ஒவ்வொரு கதவாய்த் திறக்கும் ஓசை கேட்டது.

கொழுந்து லொறியிலேதான் மூவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். நான்காம் நாள் மூவரும் வீடு திரும்பினர். குளவி கொட்டிய நாளுக்கு அவர்களுக்குக் கிடைத்தது அரைப் பெயர்.

அதன் பின் சில நாட்கள் நான் ஓடவில்லை, மனம் ஒப்பவில்லை. என் இன்பத்துக்காக நான் எழுப்பும் காலடியோசை அவர்களுடைய நெஞ்சிலே எதை எழுப்புகிறது என்பதை அறிந்துவிட்டேன் அன்றோ? அதைவிடப் பெரிய கேள்வியும் ஒன்று உறுத்தியது. மனித உயிர் ஒன்று, அவ்வழியே தற்செயலாய் ஓடி வந்த ஒருவனுடைய கால்களை நம்பி இருக்கலாமா? தேயிலை இந்நாட்டில் 1867இல் தோட்டப் பயிராய்த் தொடங்கியது. கொழுந்து கீழே இறங்குவதற்கு அன்றே வழி வெட்டினார்கள். கொழுந்து பறிப்பவளுக்கு ஆபத்தில் உதவி மேலே ஏறிவரும் வழி இன்னும் செப்பமாகவில்லை.

ஒருநாள் மூதாட்டி வழிமறித்தாள். “ஏன் மாஸ்டர், இப்போ ஓடுறதில்லையா?”

“உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை, ஆத்தா.”

அவள் சிரித்தாள். “நீங்க சும்மா ஓடினா, ஊர்ல ஒண்ணும் நடக்கலன்னுதானே அர்த்தம்? ஓடுங்க. ஆனா தூரத்திலேயே சொல்லிட்டு ஓடுங்க.”

இப்போது மேட்டு லயத்து வளைவை நெருங்கும்போதே கையை உயர்த்தி, “சும்மாதான், ஆத்தா!” என்று கூவுகிறேன். பனிக்குள்ளிருந்து, “சரி மாஸ்டர்!” என்று மறுகுரல் வருகிறது.