காகிதம் யார் கையில்?

வல்லத்திராக்கோட்டையில் நாம் பாடம் நடத்தும் வகுப்பின் ஜன்னல் வழியே பார்த்தால் சாலை தெரியும். தைல மரக் கட்டைகளை உச்சிவரை அடுக்கிக்கொண்டு லாரிகள் போய்க்கொண்டிருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் புன்செய்க் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த எத்தனையோ பூமியில் இன்று தைல மரம்தான் நிற்கிறது. அது நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று ஜனங்கள் முறையிட்டு வருவது வேறு கதை.

சென்ற மாதம் ஒருநாள் புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தோம். பையன் ஒருவன் இலக்கணத்தைக் கைவிட்டு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "இவ்வளவு கட்டையும் எங்கே சார் போகுது?" என்றான்.

"ஆலைக்குப் போகிறது. அங்கே கூழாக்கிக் காகிதம் செய்வார்கள்" என்றோம்.

"அப்போ நம்ம ஊருக்குத்தானே சார் முதல்ல காகிதம் குடுக்கணும்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் காகிதம் முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற இந்தக் கேள்வியின்மீது இத்தேசத்தில் பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. அந்தச் சரித்திரத்தின் ஒரு சிறு அத்தியாயம் நமது புதுக்கோட்டையிலேயே நிகழ்ந்திருக்கிறது.

அன்று மாலை, ஊரில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரிடம் பையனின் கேள்வியைச் சொன்னோம். அவர், "உட்காருங்க வாத்தியாரய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய குழந்தைப் பத்திரிகையைத் துணியில் சுற்றியபடியே எடுத்துவந்தார். யுத்தகாலத்துச் சரக்கு, அவருடைய தமையனார் வாங்கியதாம். அட்டை போய்விட்டபடியால் அதன் பெயர் தெரியவில்லை. காகிதம் ஒரே இதழில் இரண்டு நிறமாக இருந்தது: பாதி வெளுப்பு, பாதி பழுப்பு. பழுப்புப் பகுதியை விரலால் தொட்டால் அப்பளம்போல் நொறுங்கியது. எழுத்தோ எறும்பு ஊர்ந்தாற்போல் பொடியாக இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் வைக்கவும் இடம் விடவில்லை. "அப்போ கிடைச்ச காகிதத்துல அடிச்சாங்க. அது வந்தாலே தெருவுல பசங்க ஓடுவோம்" என்றார் பெரியவர்.

கிடைத்த காகிதம் என்றாரே, அது ஏன் கிடைக்காமற் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். 1939-ம் வருஷம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது, பத்திரிகை அச்சிடும் காகிதத்தை இந்தியா தானாகச் செய்யவில்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, கனடா என்று கடல் கடந்த தேசங்களிலிருந்து உருளை உருளையாகக் கப்பலில் வந்தது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படைகள் நார்வேயில் இறங்கவே, வட ஐரோப்பிய வழி அடைபட்டது. மிச்சமிருந்த கப்பல்களில் தளவாடங்களுக்கு இடம் கொடுத்த பிறகுதான் காகிதத்துக்கு இடம். உள்நாட்டு ஆலைகள் செய்த எழுதுகாகிதத்திலும் அச்சுக்காகிதத்திலும் பெரும்பகுதியைச் சர்க்கார் தன் காரியாலயங்களுக்கென்று எடுத்துக்கொண்டது. மிஞ்சியதை இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ப் பங்கிட்டுக் கொடுத்தது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, அளவைச் சுருக்கின, விலையைக் கூட்டின. 1941 ஆகஸ்டு 1-ந் தேதி 'கல்கி' பிறந்தது இந்த நெருக்கடியின் நடுவில்தான்.

பஞ்ச காலத்தில் படியரிசியைப் பங்கிடுவது குற்றமல்ல. ஆனால் படி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வேண்டாதவன் பட்டினி கிடப்பான் என்பதையும் மறக்கலாகாது. 1942 ஆகஸ்டில் மகாத்மாவின் 'ஹரிஜன்' நிறுத்தப்பட்டது. அது சர்க்கார் பகிரங்கமாகச் செய்த அடக்குமுறை, உலகமே அறிந்தது. 1946-ல் அந்தப் பத்திரிகை திரும்பவும் வந்தபோது ஜனங்கள் அதை மறக்கவில்லை. காகிதம் கிடைக்காமல் நின்றுபோன பத்திரிகையின் நிலை வேறு. அதன் கதவில் எந்தப் போலீஸ்காரனும் பூட்டுப் போடவில்லை. 'இந்த மாதம் கோட்டா இவ்வளவுதான்' என்று ஒரு குமாஸ்தா எழுதிய ஒற்றை வரியோடு காரியம் முடிந்துவிட்டது. ஆசிரியர் கெட்டிக்காரரில்லை, நடத்தத் தெரியவில்லை என்று ஊரார் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள்.

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம். பாதுகாப்பு விதிகள் பிரிட்டிஷ் இந்தியாவைக் கட்டுப்படுத்தியவை. புதுக்கோட்டையோ தொண்டைமான் அரச வம்சத்தின் சமஸ்தானம். தனக்கென்று அம்மன் காசு அடித்துக்கொண்ட ராஜ்யம், சட்டமும் தனி. சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் காகிதத்துக்கு நடையாய் நடந்தபோது, இந்தச் சிறு எல்லைக்குள் பத்திரிகை தொடங்குவது எளிதாயிருந்தது. தமிழ் இதழ்களின் வரலாற்றை எழுதுவோர் இதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. பக்கத்திலேயே செட்டிநாட்டுப் பணமும் ஆர்வமும் இருந்தன. விளைவு என்னவென்றால், பட்டணத்திலிருந்து இருநூறு மைலுக்கு அப்பாலிருந்த இவ்வூர் பத்திரிகை ஊராயிற்று. 'திருமகள்' இங்கேதான் நடந்தது. சிறுகூடல்பட்டி முத்தையா என்ற வாலிபர் அதில் வேலைக்குச் சேர்ந்து, கண்ணதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதலானார். 1947-ல் முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் 'பொன்னி'யைத் தொடங்கி, 'பாரதிதாசன் பரம்பரை' என்ற வரிசையில் இளங்கவிஞர்களை அறிமுகப்படுத்தியதும் இங்கிருந்துதான்.

எல்லாவற்றையும்விடக் குழந்தைப் பத்திரிகைகளின் கதைதான் நம் மனத்துக்கு உகந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ராயவரம் இந்தச் சமஸ்தானத்து ஊர். 'பாலர் மலர்', 'டமாரம்', 'சங்கு' ஆகியவற்றுக்கு அவர் கௌரவ ஆசிரியராக இருந்தார். உலகத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளுக்கு யானைப் பாட்டும் விடுகதையும் அச்சடிப்பது அவசியமா என்று எந்தக் காகித அதிகாரியும் கேட்டிருப்பான். கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அவசியப் பட்டியல் ஒன்றை எழுத உட்கார்ந்தால் அதில் விடுகதைக்கு எப்போதுமே இடமிராது. பெரியவரின் டிரங்குப் பெட்டியில் எண்பது வருஷமாகத் துணி சுற்றிக் காக்கப்பட்டிருப்பது அந்த விடுகதைதான். யுத்த இலாகாவின் சுற்றறிக்கை அல்ல.

சமஸ்தானத்து ஆட்சியைச் சுதந்திரத்தின் காவலன் என்று நாம் புகழ வரவில்லை. அது ஜனநாயக ராஜ்யமுமல்ல, பத்திரிகைகளின்மீது காதல் கொண்டதுமல்ல. தேசப் படத்தில் ஒரு கோடு வளைந்து போனதால் கிடைத்த சௌகரியம், அவ்வளவே. 1948 மார்ச்சு 3-ந் தேதி புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது, கோடு அழிந்தது. 'பொன்னி'யும் பிற்பாடு சென்னைக்குப் போய்விட்டது.

யுத்தம் 1945-ல் முடிந்தது. காகிதக் கட்டுப்பாடு மட்டும், கல்யாணம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாத விருந்தாளியைப்போல் தங்கிவிட்டது. 1946-ம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் தாற்காலிக அதிகாரங்கள் என்ற பெயரோடு வந்தது. உணவு, துணி, நிலக்கரியோடு காகிதமும் அதில் இருந்தது. வெள்ளையர் போன பிறகு, 1955-ல் நாமே இயற்றிக்கொண்ட அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்திலும் காகிதம் இடம்பெற்றது. 1962-ல் பத்திரிகைக் காகிதக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. மத்தியப் பிரதேசத்து நேபாநகர் ஆலை 1950-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியிருந்தாலும் தேவைக்குப் போதவில்லை. அந்நியச் செலாவணி முடை வேறு. ஆகவே பங்கீடு தேவை என்று சர்க்கார் சொன்னதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பங்கிடுகிற கை அத்தோடு நிற்பதில்லை. விலைக்கேற்றபடி இத்தனை பக்கம்தான் போடலாம் என்று 1960-ல் ஓர் உத்தரவு வந்தது. புனாவில் 'சகால்' என்ற மராத்திப் பத்திரிகை ஏழு காசுக்கு ஆறு நாளில் 34 பக்கம் கொடுத்து வந்தது. உத்தரவுப்படி அந்த விலைக்கு 24 பக்கம்தான் கொடுக்கலாம். 1961 செப்டம்பர் 25-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதென்றது. வாசகனின் எண்ணிக்கையையோ பக்கத்தின் எண்ணிக்கையையோ குறைப்பது பேச்சையே குறைப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பதினோரு வருஷம் கழித்து அதே விவகாரம் வேறு உடையில் வந்தது. 1972-73-ன் காகித இறக்குமதிக் கொள்கை, தினசரிக்கு அதிகபட்சம் பத்துப் பக்கம் என்று வகுத்தது. பிரதிகளைக் குறைத்து அந்தக் காகிதத்தைக் கொண்டு பக்கங்களைக் கூட்டிக்கொள்ளவும் அனுமதியில்லை. அதாவது, கொடுத்த அரிசியில் சோறு வடிக்கலாம், இட்லி வார்க்கக்கூடாது! பெரிய முதலாளிகள் காகிதத்தை விழுங்காமல் சிறு பத்திரிகைகளும் பிழைக்க வேண்டும் என்பது சர்க்காரின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஐந்து நீதிபதிகளில் ஒருவரான கே. கே. மாத்யூ, பலருடைய குரலும் கேட்க வழி செய்வதும் பேச்சுரிமையில் சேர்ந்ததே என்று கருதி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மற்ற நால்வரும் 1972 அக்டோபர் 30-ல் அக்கட்டுப்பாட்டை நீக்கினார்கள். நம்முடைய அபிப்பிராயம் நால்வர் பக்கமே. சிறியவனுக்கு உதவ வேண்டுமானால் அவனுக்குக் காகிதத்தைக் கூடுதலாகக் கொடுக்கலாம். அடுத்தவன் எத்தனை பக்கம் எழுதுகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கவேண்டும். நமது கடற்கரைக்கு எதிர்க்கரைதான். 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டதும் அங்கே பத்திரிகைக் காகிதமும் மையும் வந்து சேரவில்லை. 'உதயன்', 'வலம்புரி', 'யாழ் தினக்குரல்' ஆகியவை பக்கங்களைச் சுருக்கிக்கொண்டு மூச்சு விட்டன. சாவுச் செய்தி நாளுக்கு நாள் அதிகமாயிருந்த ஊரில், அதை அச்சிடத் தாள் இல்லை.

நம் தேசத்தில் இறக்குமதிக் கட்டு 1995-ல் தளர்ந்தது. இங்கேயே கரூருக்கு அருகே காகிதபுரத்தில் தமிழ்நாட்டு ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்தும் மரத்திலிருந்தும் காகிதம் செய்கிறது. ஆயினும் கை முழுதும் விலகிவிடவில்லை. 2019 ஜூலையில் பத்திரிகைக் காகிதத்தின்மீது பத்து சதவிகிதச் சுங்க வரி விழுந்தது. கூக்குரல் எழவே 2020-ல் ஐந்தாகக் குறைந்தது. கோட்டா குமாஸ்தா செய்த வேலையை வரி விகிதமும் செய்யக்கூடும். பெரிய பத்திரிகை விளம்பரத்தால் தாங்கும். நாம் சந்தா கட்டி வந்த இரண்டு சிறு பத்திரிகைகள் சில வருஷத்துக்குள் ஓசையில்லாமல் நின்றுவிட்டன.

பெரியவர் அந்தப் பழைய இதழை ஒருநாள் வகுப்புக்கு இரவல் கொடுத்தார். பிள்ளைகள் அதை மூச்சுப் படாமல் புரட்டினார்கள். மறுநாள் லாரி பார்த்த பையன் இரண்டு கூட்டாளிகளோடு நம்மிடம் வந்து, தாங்களும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தப் போவதாகச் சொன்னான். வகுப்புக்கென்று வாங்கிய வெள்ளைத் தாள் கட்டு நம்முடைய பீரோவில்தான் இருக்கிறது, சாவியும் நம்மிடம். "எத்தனை தாள் வேண்டும், என்னென்ன எழுதப் போகிறீர்கள் என்று விவரமாக எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம்" என்றோம்.

அவன் நகரவில்லை.

"அதை எழுத ஒரு தாள் குடுங்க சார்" என்றான்.