பாலிசியில் எழுதிய மதிப்பே வாக்குறுதி: "முழு இழப்பு" காரின் உரிமையாளர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

புதுதில்லி: விபத்தில் நொறுங்கிய அல்லது வெள்ளத்தில் மூழ்கிய காரை "இனிப் பழுதுபார்த்துப் பயனில்லை" என்று காப்பீட்டு நிறுவனம் அறிவித்துவிட்டால், உரிமையாளர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு பணம் கிடைக்கும்? அதற்கான விடை, விபத்துக்குப் பிறகு வந்து பார்வையிடும் சர்வேயரின் கையில் இல்லை. பாலிசி எடுத்த அன்றே அதன் அட்டவணையில் அச்சாகிவிடுகிறது. இந்த எளிய உண்மை பலருக்குத் தெரியாததால், உரிய தொகையைவிடக் குறைவாகப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டுத் தருகிறார்கள்.

மைசூரு நகரின் பழைய குடியிருப்புகளில் ஒன்றான மண்டி மொஹல்லாவில் வசிக்கும் ஒரு சிறு வணிகரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். குடும்பத்துடன் பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்லும்போது அவரது கார் விபத்துக்குள்ளாகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், காரின் முன்பகுதி சிதைந்துவிட்டது. சில நாள்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. "வண்டி முழு இழப்பு, சந்தை மதிப்பு இவ்வளவுதான், சம்மதம் என்றால் கையெழுத்திடுங்கள்." இந்த அழைப்புக்கு அவர் என்ன பதில் சொல்ல வேண்டும்? சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் அவருக்குத் தெளிவான சில பிடிமானங்களைத் தருகின்றன.

மதிப்பு எப்படி நிர்ணயமாகிறது?

2002 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள், "காப்பீடு செய்யப்பட்டவரால் அறிவிக்கப்பட்ட மதிப்பு" என்ற முறையைக் கொண்டுவந்தன. சுருக்கமாக "ஐ.டி.வி." என்று அழைக்கப்படுவது இதுதான். அதே மாடல் காருக்கு உற்பத்தியாளர் நிர்ணயித்துள்ள விற்பனை விலையிலிருந்து, காரின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்.

ஆறு மாதம் வரையிலான காருக்கு 5 சதவீதமும், ஓராண்டு வரை 15 சதவீதமும், இரண்டாண்டு வரை 20 சதவீதமும் கழிக்கப்படும். மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் என்பது அவ்விதிகள் வகுத்த அளவு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காருக்கு இரு தரப்பும் பேசி மதிப்பை முடிவு செய்துகொள்ளலாம்.

2007 ஜனவரி முதல் பிரீமியத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால், பாலிசியின் அடிப்படை வாசகங்கள் தொடர்ந்தன. அவற்றுள் உரிமையாளருக்கு மிக முக்கியமானவை இரண்டு. மீட்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஆகும் மொத்தச் செலவு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வாகனம் முழு இழப்பாகக் கருதப்படும் என்பது முதலாவது. முழு இழப்புக் கோரிக்கையில் ஐ.டி.வி.யே பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படாது என்பது இரண்டாவது.

மண்டி மொஹல்லா வணிகரின் காருக்கு வருவோம். புதிய காரின் விலை 8 லட்சம் ரூபாய். பாலிசி எடுக்கும்போது வயது இரண்டரை ஆண்டு. 30 சதவீதம் கழித்தால் ஐ.டி.வி. 5 லட்சத்து 60 ஆயிரம். இதில் 75 சதவீதம் 4 லட்சத்து 20 ஆயிரம். பழுதுபார்க்கும் செலவு அதைத் தாண்டுமானால் அவருக்குச் சேர வேண்டிய தொகைக்கு அடிப்படை 5 லட்சத்து 60 ஆயிரம்தான். பாலிசி முடிய ஒரு வாரமே இருக்கும்போது விபத்து நேர்ந்தாலும் இத்தொகை மாறாது. "இன்று சந்தையில் இந்தக் கார் 4 லட்சத்துக்குத்தான் போகும்" என்று சொல்லிக் குறைப்பதற்கு இடமில்லை. பாலிசியில் குறிப்பிட்டுள்ள கட்டாயக் கழிவுத் தொகையும், சிதைந்த வண்டியை அவரே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பும் மட்டுமே கழிக்கப்படலாம்.

உச்ச நீதிமன்றத்தின் கண்டனம்

ஒப்புக்கொண்ட மதிப்பைப் பின்னர் மறுக்கும் போக்கை, ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிரான தர்மேந்திர கோயல் வழக்கில் 2008-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. 2002 பிப்ரவரியில் பாலிசியைப் புதுப்பித்தபோது வாகனத்தின் மதிப்பு 3 லட்சத்து 54 ஆயிரம் ரூபாய் என்று நிறுவனமே ஏற்றுக்கொண்டு பிரீமியம் பெற்றிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விபத்து. சர்வேயர் அறிக்கையைக் காட்டி மிகக் குறைந்த தொகையைத் தரவே நிறுவனம் முன்வந்தது.

மதிப்பை நிறுவனமே நிர்ணயித்திருக்கும்போது, சர்வேயர் கூறும் தொகை குறைவு என்பதை நிரூபிக்கும் சுமையை உரிமையாளர் மீது ஏற்ற முடியாது என்று நீதிபதிகள் தெரிவித்தனர். காப்பீடு இல்லாமல் வாகனம் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதால் நிறுவனங்கள் ஆதிக்க நிலையில் இருக்கின்றன. அந்த நிலையில் நின்றுகொண்டு, ஒப்புக்கொண்ட மதிப்பையே பின்னர் மறுப்பது சட்டப்படி தவறு, அறநெறிப்படியும் ஏற்கத்தக்கதல்ல என்பது தீர்ப்பின் சாரம். இடைப்பட்ட ஏழு மாதத் தேய்மானமாக 10 ஆயிரம் ரூபாயை மட்டும் கழித்து, 3 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய் வழங்க உத்தரவிடப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாலிசி, 2002 ஜூலை விதிகளுக்கு முன்பு எடுக்கப்பட்டது. இடையில் தேய்மானம் கிடையாது என்ற வாசகம் கொண்ட இன்றைய பாலிசிதாரரின் நிலை, தர்மேந்திர கோயலின் நிலையைவிட வலுவானது.

சர்வேயரின் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்பதையும் உச்ச நீதிமன்றம் 2009-ல், நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் தொடர்ந்த பிரதீப் குமார் வழக்கில் உறுதிப்படுத்தியது. அறிக்கை இழப்பீட்டுக்கு ஓர் அடிப்படையாக இருக்கலாம். ஆனால், அது நிறுவனத்தையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது. சர்வேயர் உரிமம் பெற்றவர் என்றாலும், அவரை நியமித்துக் கட்டணம் தருவது காப்பீட்டு நிறுவனமே என்பதை நினைவில் கொண்டால் இத்தீர்ப்பின் அருமை புரியும்.

பெங்களூரு வெள்ளம் காட்டிய பாடம்

2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது நீரில் மூழ்கிய சிறிய கார் ஒன்றின் உரிமையாளருக்கு நேர்ந்த அனுபவம் நாடெங்கும் பேசப்பட்டது. சுமார் 11 லட்சம் ரூபாய் விலையுள்ள அந்தக் காரைப் பழுதுபார்க்க 22 லட்சம் ரூபாய் ஆகும் என்று பணிமனை மதிப்பீடு தந்தது. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று அறிவித்தது. ஆனால், வண்டியை விடுவிப்பதற்கான ஆவணங்களைத் தர 44,840 ரூபாய் கட்டணம் வேண்டும் என்றது பணிமனை. விவகாரம் பொதுவெளிக்கு வந்து, கார் உற்பத்தி நிறுவனத்திடம் முறையிட்ட பிறகு, அது 5 ஆயிரம் ரூபாயாகக் குறைந்தது.

முழு இழப்பில் உரிமையாளர் எதிர்கொள்வது காப்பீட்டு நிறுவனத்தை மட்டுமல்ல. பணிமனையும் இதில் ஒரு தரப்பு என்பதை இச்சம்பவம் உணர்த்தியது. எனவே, வண்டியைப் பணிமனையில் விடும்போதே மதிப்பீட்டுக் கட்டணமும், நிறுத்திவைப்பதற்கான நாள் வாடகையும் எவ்வளவு என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. வெள்ளத்தில் நின்ற காரை "ஸ்டார்ட்" செய்து பார்ப்பதும் கூடாது. என்ஜினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதத்தை, பின்விளைவு இழப்பு என்று கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. என்ஜின் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டுமே அதற்கு ஈடு கிடைக்கும்.

75 சதவீதக் கணக்கிலும் சர்ச்சை எழுவதுண்டு. "பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்ற சொற்களைச் சுட்டிக்காட்டி, உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழித்த பின்பே செலவைக் கணக்கிட வேண்டும் என்கின்றன நிறுவனங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசியில் 50 சதவீதம் கழிவு உண்டு. இப்படிக் கழித்தால் செலவு 75 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். கார் முழு இழப்பு ஆகாது. கழிக்கப்பட்ட தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். ஆகவே, சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தத் தொகை எந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது என்று பார்ப்பது அவசியம்.

வண்டி போனாலும் பொறுப்பு போகாது

பணம் கைக்கு வந்ததும் பலர் விவகாரம் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. சிதைந்த வண்டி ஏலத்தில் பழைய வாகன வியாபாரிக்குப் போகிறது. அதனுடன் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகமும் போய்விட்டால், அரசுப் பதிவேட்டில் உரிமையாளராக முந்தையவரின் பெயரே நீடிக்கும்.

விற்றுவிட்ட காராக இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கார் அடுத்தடுத்துப் பலரது கைகளுக்கு மாறியிருந்தும், பெயர் மாற்றப்படாததால் முதலில் விற்றவரே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

குற்றக் கும்பல்களுக்கும் இத்தகைய பதிவுச் சான்றுகள் தேவைப்படுகின்றன. முழு இழப்பான காரின் ஆவணங்களை வாங்கி, அதே மாடலில் ஒரு காரைத் திருடி, அதன் சேஸிஸ் எண்ணை மாற்றிப் பொறித்து விற்பது அவர்களின் வழக்கம். 2020-ல் லக்னோ போலீஸார் இத்தகைய கும்பல் ஒன்றைப் பிடித்து ஏராளமான கார்களைக் கைப்பற்றினர்.

இதற்கான தடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. வாகனம் அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலையை அடைந்தாலோ, 14 நாள்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. பதிவை ரத்து செய்ய வைத்து அதற்கான சான்றைப் பெற்றுக்கொள்வதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு. வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டவிருக்கும் ஒருவருக்கு விற்பதானால், பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்த பிறகே விலக வேண்டும்.

பிரிட்டனில் முழு இழப்பான கார்கள் நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. முற்றிலும் நசுக்கப்பட வேண்டியவை, உதிரிபாகங்களுக்கு மட்டும் உரியவை, சீரமைத்துச் சாலைக்குத் திரும்பக்கூடிய இரு வகைகள் என அவை பதிவாகின்றன. அமெரிக்காவிலோ, முழு இழப்பான வாகனங்களின் விவரத்தைத் தேசியத் தகவல் அமைப்புக்குக் காப்பீட்டு நிறுவனங்களே தெரிவிக்க வேண்டும். பழைய கார் வாங்குவோர் அதன் கடந்த காலத்தை அறிய இவை வழி செய்கின்றன.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கடனில் வாங்கிய கார் என்றால் இழப்பீடு முதலில் வங்கிக்கே செல்லும். பாக்கித் தொகை ஐ.டி.வி.யைவிட அதிகமாக இருந்தால் மீதியை உரிமையாளர் கட்டித்தான் ஆக வேண்டும். பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்த ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதச் சம்மதிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிதைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதி தருவதாக நிறுவனம் கூறினால், அம்மதிப்பு எந்த ஏலத்தில், யார் கேட்ட விலையில் முடிவானது என்று கேட்கலாம். வண்டியை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு முழு ஐ.டி.வி.யைப் பெறும்படி நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன.

நெருக்கடியில் கையெழுத்திட்டுத் தந்துவிட்டவர்களும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்ட தீர்வு ரசீது, பாலிசிதாரரின் உரிமையைப் பறிக்காது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அத்தகைய ரசீதைக் காட்டி மேல்முறையீட்டு வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது.

எங்கே முறையிடுவது?

சர்வேயரின் அறிக்கை 15 நாள்களுக்குள் பெறப்பட வேண்டும். அதன் பிறகு ஏழு நாள்களுக்குள் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும் என்கிறது ஆணையத்தின் 2024 ஜூன் மாத சுற்றறிக்கை. தாமதமானால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி கோரலாம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனை அணுகலாம். கர்நாடகத்துக்குப் பெங்களூரிலும், தமிழகத்துக்குச் சென்னையிலும் இந்த அலுவலகங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க ஓம்பட்ஸ்மேனுக்கு அதிகாரம் உண்டு.

மற்றொரு வழி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் தில்லியில் இருந்தாலும், தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. மண்டி மொஹல்லாவில் வசிப்பவர் மைசூரு ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டாண்டுகளுக்குள் தொடர வேண்டும். செலுத்திய தொகை, அதாவது பிரீமியம், 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. சாதாரணக் கார் உரிமையாளர் எவரும் அந்த வரம்பைத் தாண்டப் போவதில்லை.

தர்மேந்திர கோயலுக்கு 2002-ல் நேர்ந்த விபத்துக்கு 2008-ல்தான் இறுதி நீதி கிடைத்தது. அந்த ஆறு ஆண்டுக் காத்திருப்பின் பலன் இன்று எல்லா உரிமையாளர்களுக்கும் உரியது. தொலைபேசியில் ஒரு தொகையைச் சொல்லிச் சம்மதம் கேட்கும்போது, "எழுத்துமூலம் அனுப்புங்கள், பாலிசியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று கூறுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.