ஞாயிறு திரும்பி வந்துவிட்டது, நாம்?

பள்ளி விடுமுறை வந்தால் காஹாங் சாலையில் வெளியூர் கார்கள் கூடிவிடும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போய், அங்கே படகேறித் தியோமான் தீவுக்குச் செல்பவர்கள் ஒருபுறம். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் மறுபுறம். இங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குக் காஹாங் வழியில் வரும் ஊர். போய்ச் சேரும் ஊர் அல்ல.

கிறிஸ்தவ விசுவாசம் இந்த உலக வாழ்வைப் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் கார் தவணை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் என்று மாதங்கள் ஓடும்போது, இளைப்பாற நிறுத்திய இடமே சேர வேண்டிய ஊர் என்று தோன்றிவிடுகிறது.

நம் மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஜொகூர் கிறிஸ்தவர்களுக்கு அண்மையில் ஒரு வாய்ப்பு வந்தது. 2014 ஜனவரி முதல் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளி, சனி என்றானது. அரசு ஊழியர்களுக்கு ஞாயிறு வேலைநாள். பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். “ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லையே, எப்படி ஆராதனைக்குப் போவது?” என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானதுதான். 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறும் மீண்டும் விடுமுறையாகிவிட்டன. இப்போது அந்தக் காரணம் இல்லை. போன ஞாயிறு நாம் எங்கே இருந்தோம்?

யாரையும் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைக்கும் நம் பிள்ளைகளின் களைப்பு உண்மையானது. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது.

ஆனால், தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களுக்கும் ஞாயிறு விடுமுறை இருக்கவில்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக அறிவித்தது 321ஆம் ஆண்டில்தான். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று ஆளுநர் பிளினி தம் பேரரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். விடிந்தால் உழைப்பு காத்திருந்தது. இருந்தும் கூடினார்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள் என்பதால், ஞாயிறு அவர்களுக்கு வாரக் கடைசி அல்ல. வாரத்தின் முதல் நாள்.

அப்படியானால் உலகக் காரியங்களை உதறிவிட வேண்டுமா? இல்லை. ஆண்டவரின் வருகையை எதிர்பார்த்திருந்த தெசலோனிக்கே சபையில் சிலர் வேலை செய்யாமல் திரிந்தபோது, பவுல் அவர்களைக் கண்டித்து எழுதினார். அவரே கூடாரம் செய்து பிழைத்தவர்.

ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையிலும் இதே பாடம் உண்டு. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தந்தார். பன்யனின் யாத்திரிகன் போகும் பாதை, கண்ணைப் பறிக்கும் ஒரு மாயச் சந்தையின் ஊடாகவே செல்கிறது. சுற்றிப் போக வேறு வழி கிடையாது. சம்பளமும் பதவி உயர்வும் வீடும் நம் வழியில் வரத்தான் செய்யும். அவற்றைத் தேடுவது தவறில்லை. அவையே நம்பிக்கையாகிவிடுவதுதான் ஆபத்து. நாளை வேலை போய்விட்டால் வருமானம் மட்டும் நிற்குமா, நாமே இடிந்துபோவோமா? இந்த ஒரு கேள்வியே நம் நம்பிக்கை எதில் இருக்கிறது என்று காட்டிவிடும்.

பெரிய தீர்மானங்கள் வேண்டாம். சம்பளம் வந்ததும் தவணைக்கு முன் காணிக்கையை எடுத்து வையுங்கள். ஞாயிறு ஷிஃப்ட் இருந்தால், முந்தைய மாலையோ அன்று விடியுமுன்னோ குடும்பமாக அரை மணி நேரம் ஜெபியுங்கள். துக்க வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உயிர்த்தெழுதல் என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை அவர்கள் அங்கேதான் புரிந்துகொள்வார்கள்.

ஞாயிறு நமக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை எதற்குக் கொடுப்பது என்பது இனி நம் கையில்.