சிரைக்குத் தமனி வேலை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன் நான். எனக்கு பைபாஸ் செய்தபோது காலிலிருந்து சிரையை எடுத்து இதயத்தில் தைத்தார்கள். இந்தியாவில் அந்த ஆபரேஷனை முதலில் செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன், 1975-ல், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். ஆனால் ரத்தக்குழாயை ஒட்டுப்போடும் வித்தை பிறந்தது இன்னொரு பட்டு நகரத்தில் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிரான்சின் லியோன். 1894-ல் அங்கே கத்திக்குத்துப்பட்ட ஜனாதிபதி கார்னோ, அறுந்த சிரையைத் தைக்க வழியில்லாமல் இறந்துபோனார். அந்தக் குறையைத் தீர்க்க, அலெக்சிஸ் காரெல் என்ற இளம் டாக்டர், லெரூடியே என்ற பூத்தையல்காரம்மாவிடம் போய் ஊசி பிடிக்கக் கற்றார். வாசலின் பூசிய மெல்லிய பட்டிழைதான் நூல். குழாயின் விளிம்பை மூன்று இடத்தில் முடிந்து இழுத்தால் வட்டம் முக்கோணமாகும்; பிறகு நேர்த்தையல்தான். முந்தானைப் பாவை உடல் பாவோடு இழை இழையாகச் சேர்க்கும் எங்கள் பெட்னி மாதிரிப் பொறுமை கேட்கிற வேலை.

பின்னர் காரெல் சிகாகோவில் கத்ரி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, நாய்களின் கழுத்துத் தமனியில் ஒரு துண்டை எடுத்துவிட்டுச் சிரையை வைத்தார். ரத்தம் ஓடியது. 1912-ல் நோபல் பரிசும் வந்தது. தையல் நின்றது; சிரைதான் பழையபடி இருக்கவில்லை. அதன் சுவர் தடித்துக்கொண்டே போனது.

சிரை பழகியது பத்து மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்துக்கு. தமனியில் அது நூறுக்குப் பக்கம். திடீரென்று விரிந்ததில் உள்தோல் கிழிபடும். முதல் நாட்களில் அங்கே ரத்தம் உறையலாம். பிறகு தசைச் செல்கள் பெருகி உள்பக்கமாகக் குவியும். ஓரளவு தடிப்பது சிரை தன்னைக் காத்துக்கொள்வது. அளவு மீறினால் பாதை குறுகும். கொழுப்புத் தீனி தின்ற முயல்களில், சாதாரணமாகக் கொழுப்புப் படியாத சிரைகூட, தமனியில் வைத்ததும் படியவிட்டது. நாய், முயலின் சிரைக்கே இத்தனை பாடு. அறுபது வருஷம் தறியில் கால் தொங்கவிட்டவன் சிரையைக் கேட்கவா வேண்டும்!

நெசவாளியாக என்னை இழுத்தது பிரிஸ்டலில் பன்றிகளிடம் நடந்த சோதனை. சிரைக்கு வெளியே பாலியெஸ்டர் வலையுறை போட்டார்கள்; தடிப்பது குறைந்தது. அதிலும் இறுக்கமான உறையைவிடத் தொளதொளப்பான உறையே நன்றாக வேலை செய்தது. மனிதர்களிடம் அவ்வளவு பலன் இன்னும் உறுதியாகவில்லை. பட்டுநூலும் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தால் பலம் இழக்கும் என்று தெரிந்து, இப்போது பாலிப்ரொப்பிலீன் இழைக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பத்து வருஷத்தில் ஒட்டுப்போட்ட சிரைகளில் ஏறக்குறைய பாதி அடைத்தோ குறுகியோ போகின்றன. அதே காலத்தில், மார்புத் தமனியை வைத்தால் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. எனக்கு அது ஒன்று, கால் சிரை இரண்டு. ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் அதட்டுவது அந்த இரண்டுக்காகத்தான்.