ஆங்கிலக் காதல் நாவல்கள்: மூடிய மனங்களைத் தேடி

'மில்ஸ் அன்ட் பூன்' என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே பலர். நான் அந்நூல்களை நெடுங்காலம் விரும்பிப் படித்தவள். பிறகு இரத்தக் காட்டேறிகளும் ஓநாய் மனிதர்களும் காதலராக வரும் அமானுஷ்ய நாவல்களுக்குச் சென்றேன். இப்பொழுது மீண்டும் சமகாலக் கதைகளையே அதிகம் நாடுகிறேன். இந்த ரசனை மாற்றத்துக்கு வெறும் சலிப்புத்தான் காரணமா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. அது பற்றியே நேயர்களுடன் இன்று பேச விரும்புகிறேன்.

மில்ஸ் அன்ட் பூன் 1908இல் லண்டனில் ஜெரல்ட் மில்ஸ், சார்ள்ஸ் பூன் ஆகிய இருவரும் ஆரம்பித்த பதிப்பகம். ஜாக் லண்டனின் நூல்களைக்கூட ஆரம்பத்தில் இவர்கள் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். 1930களிலேதான் காதல் கதைகளில் முழுக் கவனமும் சென்றது. 1971இல் கனடாவின் ஹார்லிகுவின் நிறுவனத்துடன் இணைந்தது. மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் வருபவர்களுக்கு இவற்றின் அட்டைகள் நன்கு பரிச்சயமானவை.

அந்தப் பழைய நாவல்களின் சூத்திரம் எளிமையானது. நாயகி தாதியாகவோ செயலாளராகவோ இருப்பாள். நாயகன் டாக்டர் அல்லது கொம்பனி முதலாளி. ஆசிரியை நாயகியின் மனதுக்குள் மாத்திரமே நுழைவார். நாயகனின் மனம் இறுதிவரை மூடியே இருக்கும். அவன் சீறுவான், அலட்சியம் செய்வான், சில வேளை பலவந்தமாக முத்தமும் இடுவான். கடைசி அத்தியாயத்தில், முதல் நாளிலிருந்தே நேசித்ததாகக் கூறுவான். வாசகியின் வேலை, அவனது புருவ நெளிவிலும் கதவைச் சாத்தும் விதத்திலும் தடயம் தேடுவது. துப்பறியும் கதைக்குரிய சுவை இது. இளவயதில் நான் இதனை மிகவும் ரசித்தேன். ஆனால் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய பின், தினமும் சீறும் மனிதர் சீறும் சுபாவமுள்ளவர் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது விளங்கியது. பின்னர் 1980களில் நாயகனின் எண்ணங்களும் இந்நாவல்களில் இடம்பெறத் தொடங்கின. நியாயமான மாற்றந்தான். ஆனாலும் மூடிய கதவின் சுவை குறைந்தது.

அமானுஷ்யக் கதைகள் அந்தக் கதவை வேறுவிதமாக மீண்டும் சாத்தின. இது முற்றிலும் புதியதல்ல. 1847இல் வெளிவந்த 'ஜேன் அய'ரிலேயே, தொலைவிலிருந்து றொச்செஸ்டர் அழைக்கும் குரல் ஜேனுக்குக் கேட்கிறது. எனினும் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் சார்லேன் ஹரிஸ் 2001இல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்'. ஜப்பானியர் செயற்கை இரத்தம் கண்டுபிடித்ததால் இரத்தக் காட்டேறிகள் பகிரங்கமாக வாழத் தொடங்கிவிட்ட ஓர் உலகம் அது. லூசியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மதுச்சாலைப் பரிசாரகியாக இருக்கும் சூக்கிக்கு, பிறர் நினைப்பதெல்லாம் காதில் விழும். அதனால் எந்த ஆணுடனும் அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. பில் என்ற காட்டேறியின் மனம் மாத்திரம் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த அமைதிக்காகவே அவனிடம் ஈர்க்கப்படுகிறாள்.

பழைய நாயகிக்கு வேதனை தந்த அதே மூடிய மனம், இவளுக்கு ஓய்வாகிறது! எவ்வளவு அழகான தலைகீழ் மாற்றம். ஆனால் ஹரிஸ் அத்துடன் நிற்கவில்லை. 2006இல் வந்த ஆறாவது நூலில், தன் அரசியின் கட்டளைப்படியே பில் அவளைத் தேடி வந்தான் என்பது தெரியவருகிறது. அந்த அமைதிக்குள் இருந்தது வஞ்சகம். இவ்வகை எழுத்திலே இதனைவிட நேர்மையான திருப்பத்தை நான் படித்ததில்லை.

இதே துணிவு ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' (2005) நாவலில் இல்லை. எட்வர்ட், பெல்லா அறியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, உறங்கும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வீட்டு இளைஞன் இப்படிச் செய்தால் பொலிஸுக்குத்தான் அறிவிப்போம். நூறு வயதைத் தாண்டிய காட்டேறி செய்யும்போது காதல் என்கிறோம். பழைய முரட்டு முதலாளி கோரைப்பல்லுடன் திரும்பி வந்துவிட்டாரோ என்று தோன்றியது. ஓநாய் மனிதர் கதைகள் பலவற்றிலும் இதே சாட்டுத்தான்: அவனது இயல்பு அது, அவன் என்ன செய்வான்! இந்த இடத்திலேதான் எனக்கு இவ்வகையில் நாட்டம் குறைந்தது.

பெண்கள் இக்கதைகளைப் படித்து ஏமாறுகிறார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஜனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர், அமெரிக்க நகரொன்றில் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுக் கடமைகளுக்கிடையே 'இது எனது நேரம்' என்று சொல்லிக்கொள்வதற்கே அவர்களுள் பலருக்குப் புத்தகம் உதவியிருந்தது. எந்த நாயகனை ஏற்பது, எவனை நிராகரிப்பது என்பதிலும் அவர்களுக்குத் திட்டமான கருத்துகள் இருந்தன.

என்னைச் சமகாலக் கதைகளுக்குத் திரும்ப அழைத்து வந்தவர் ஹெலன் ஹோங். தாம் ஒட்டிசம் உள்ளவர் என்பதை இவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். 2018இல் வந்த 'த கிஸ் கோஷன்ட்' நாவலின் ஸ்டெலாவும் அத்தகையவளே. பொருளியல் கணிப்பில் கெட்டிக்காரி. ஆனால் எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பது அவளுக்குச் சிரமம். ஆகவே புருவ நெளிவில் தடயம் தேடும் பழைய விளையாட்டுக்கு இங்கே இடமில்லை. பிடிக்கிறதா, நிறுத்தவா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் காதல் கெட்டுவிடும் என்று நாம் நினைப்போம். கெடவில்லை; கதையின் விறுவிறுப்பே அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'த பிரைட் டெஸ்ட்' இன்னும் ஒரு படி செல்கிறது. வியட்நாமில் விடுதியொன்றைத் துப்புரவு செய்யும் பெண், அமெரிக்காவில் வாழும் ஓர் இளைஞனுக்கு மணப்பெண்ணாக அழைக்கப்படுகிறாள். தனக்கு உணர்ச்சிகளே கிடையாது என்று அவன் உறுதியாக நம்புகிறான். அவனது மனம் அவளுக்கு மாத்திரமல்ல, அவனுக்கே மூடியிருக்கிறது. அதனை நான் இருமுறை படித்தேன்.