புற்றரையை மரக்கறித் தோட்டமாக்குதல்

வீட்டின் முன்றிலிற் பசும் புற்றரை விரிந்திருப்பது கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் புற்றரைக்கும் நீர் இறைக்கவேண்டும், பசளை இடவேண்டும், அடிக்கடி புல்லை வெட்டவேண்டும். இவ்வளவையும் பெற்றுக்கொண்டு அது கறிச்சட்டிக்கு ஒன்றும் தருவதில்லை. அதே நிலமும் நீரும் உழைப்பும் மரக்கறிப் பயிருக்குச் செலவாகுமாயின் ஒரு குடும்பத்தின் உணவு எவ்வளவோ செம்மையுறும்.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

இலங்கை தன் உணவில் ஒரு பகுதியைக் கடல் கடந்து பெறும் நாடாகும். 1942 ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. எண்பது ஆண்டுகளின் பின், 2022 ஆம் ஆண்டில், அந்நியச் செலாவணி வற்றியமையாலும், முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டதனால் விளைவு குன்றியமையாலும் மீண்டும் தட்டுப்பாடு தோன்றியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. வீட்டுத்தோட்டஞ் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை தீர்மானித்தது.

ஆனால், விதையிடும் நாளுக்கும் கறி சமைக்கும் நாளுக்கும் இடையே காலம் செல்லும். கீரைக்கு மூன்று நான்கு கிழமைகளும், வெண்டி, பயிற்றை ஆகியவற்றுக்கு ஏழெட்டுக் கிழமைகளும், மரவள்ளிக்கு எட்டு முதல் பத்து மாதங்களும் வேண்டும். பசி அவ்வளவு காலம் பொறுத்திராது. ஆகவே, தோட்டம் அமைப்பதற்கு ஏற்ற காலம் தட்டுப்பாடு வந்த காலமன்று. கடைகளிற் பொருள்கள் தாராளமாகக் கிடைக்கும் காலமேயாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் இலண்டன் கோபுரத்தின் அகழியிலும் மரக்கறி பயிரிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1943 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத்தோட்டங்கள் இருந்தனவென மதிப்பிடப்பட்டுள்ளது. 2009 இல் அந்நாட்டுச் சனாதிபதியின் வெள்ளை மாளிகைப் புற்றரையில் ஒரு பகுதி கொத்தப்பட்டு மரக்கறித் தோட்டமாக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர அடி, அதாவது நம் கணக்கில் 4 பேர்ச் மாத்திரமே.

எதிர்பார்க்கத்தக்க பயன்

புற்றரை நிலம் ஒரு குடும்பத்திற்கு வேண்டிய அரிசியைத் தரமாட்டாது. ஆனால் மரக்கறிக்குச் செலவாகும் பணத்தை மிச்சப்படுத்தி, அரிசியும் பருப்பும் வாங்க உதவும். விலை ஏறும்போது ஏழைக் குடும்பங்கள் கீரையையும் காய்கறியையும் குறைப்பதுண்டு. அதனால் வளரும் பிள்ளைகளே பெரிதும் நலிவர். முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசி ஆகியன கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ சத்தை எளிதில் அளிப்பன.

நிலத்தைப் பண்படுத்தல்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தெரிக. தொடக்கத்தில் 16½ அடிச் சதுரமான ஒரு பேர்ச் நிலம் போதும். வறண்ட வலயத்தில் ஆடி மாதத்திலேயே வேலையைத் தொடங்கின், ஐப்பசி மழைக்கு நிலம் ஆயத்தமாகும்.

நிலத்தின்மேற் படரும் அகன்ற இலைப் புல்லை மண்வெட்டியாற் செதுக்கி அகற்றலாம். செதுக்கிய புல்லை வேர் மேலாகக் கவிழ்த்து அடுக்கி வைத்தால் உக்கிப் பசளையாகும்; களைநாசினி தெளித்த புல்லை மாத்திரம் இவ்வாறு பயன்படுத்தலாகாது. அறுகும் கோரையும் உள்ள இடத்திற் கிழங்குகளையும் வேர்த்தண்டுகளையும் தோண்டிப் பொறுக்குதல் அவசியம்.

புற்றரை மண்ணில் வேரை உண்ணும் வெண்புழுக்கள் இருப்பதுண்டு. கொத்திய நிலத்திற் கோழிகளை இரண்டொரு நாள் விடின் அவை புழுக்களைப் பொறுக்கிவிடும். நடந்து நடந்து இறுகிய மண்ணை ஓரடி ஆழத்திற்குக் கொத்தி, நன்கு உக்கிய எருவை ஓரங்குலத் தடிப்பிற் பரப்பிக் கலக்குக.

பாத்திகளும் பயிர்களும்

4 அடி அகலமான மூன்று பாத்திகளும், இடையே 1½ அடி நடைபாதைகளும் அமைக்குக. முதற் பாத்தியிற் கீரையை இரு கிழமைக்கொருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் இடையறாது பறிக்கலாம். இரண்டாவதில் வெண்டி, கத்தரி, மிளகாயும், மூன்றாவதிற் பந்தலிட்டுப் பயிற்றை, பாகல், புடோலும் வளர்க்கலாம். முருங்கையையும் பப்பாசியையும் வட எல்லையில் நட்டால், மாரிகாலத்தில் அவற்றின் நிழல் பாத்திகளில் விழாது. பாத்திகளைச் சருகு அல்லது வைக்கோலால் மூடின் நீர்ச் செலவு குறையும். அடுத்த போகத்திற் பயிர்களைப் பாத்தி மாற்றி நடுக.

நிலமில்லாதோர்

புற்றரை உள்ள வீட்டிற் பசி அரிது. பசியுள்ள வீட்டிற் பெரும்பாலும் வளவே இராது. ஆதலாற் பாடசாலைகள், அலுவலகங்கள், உத்தியோகத்தர் விடுதிகள் ஆகியவற்றின் புற்றரைகளை ஒவ்வொரு பேர்ச்சாகப் பகுத்து, அயலிலுள்ள நிலமற்ற குடும்பங்களுக்குப் பயிரிட அளித்தல் நன்று. பாடசாலைத் தோட்டத்துக் கீரை அப்பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவிற் சேரலாம்.

விதை, நாற்று, பீடைக் கட்டுப்பாடு ஆகியன பற்றிய ஆலோசனைகளை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்க.